சொல் நடுவில் அறும் குரல்

பேசும்போது குரல் இறுகி, சொல் நடுவில் அறுந்துபோகிறதா? சிரிக்கும்போதும் கிசுகிசுக்கும்போதும் மட்டும் சரியாக வருகிறதா? அது ஸ்பாஸ்மோடிக் டிஸ்போனியாவாக இருக்கலாம். குரல்வளைத் தசைகள் தாமாகவே இறுகும் நரம்பியல் நோய் இது. நடிப்பும் அல்ல, கூச்சமும் அல்ல; பிறருக்குத் தொற்றாது.

முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் குரல்வளைத் தசையில் போடும் போட்டுலினம் ஊசி, பலருக்குச் சுமார் 3 மாதம் குரலை இலகுவாக்கும். பிறகு மீண்டும் போட வேண்டும். ஊசி போட்ட சில நாட்கள் தண்ணீர் புரையேறலாம், மெதுவாகக் குடியுங்கள். குரல் பயிற்சியும் துணை நிற்கும்.

கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால், காரணம் எதுவானாலும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டார் கவனத்துக்கு: போனில் பேசுவது இவர்களுக்கு மிகவும் சிரமம், எழுதி அனுப்புங்கள். ஸலாமுக்குப் பதில் வரத் தாமதமானால் கோபிக்காதீர்கள். உள்ளம் சொல்லிவிட்டது; குரல்தான் வந்துகொண்டிருக்கிறது.