வாசிப்புத் தேர்ச்சி: அமெரிக்காவின் மாநில அளவுகோலும் தேசிய அளவுகோலும்

ஐக்கிய அமெரிக்காவில் ஒரு மாநிலம் தன் நான்காம் வகுப்பு மாணவர்களில் பெரும்பாலோர் வாசிப்பில் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கும். அதே மாநிலத்தில் மூன்றில் ஒரு பங்கினரே தேர்ச்சி பெற்றதாகத் தேசிய மதிப்பீடு கூறும். இரண்டில் எதுவும் பொய்க்கணக்கு அல்ல. ‘தேர்ச்சி’ என்ற சொல்லுக்கு இரண்டிலும் பொருள் வேறு.

தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு 1969 முதல் நடைபெறுகிறது. இதன் வாசிப்புத் தேர்வில் புள்ளிகள் 0 முதல் 500 வரை. நான்காம் வகுப்புக்கு 208 அடிப்படை நிலை, 238 தேர்ச்சி நிலை, 268 மேம்பட்ட நிலை. 2024இல் 31 விழுக்காட்டினரே தேர்ச்சி நிலையை எட்டினர். இதைக் கண்டு ‘மற்றவர்களுக்கு வாசிக்கத் தெரியாது’ என்று எழுதுவோர் உண்டு, அது தவறு. இங்கே தேர்ச்சி என்பது கடினமான பாடப்பொருளில் உறுதியான ஆற்றலைக் குறிக்கிறது. வகுப்புக்குரிய சராசரித் திறனை அல்ல. கவலைக்குரியவர்கள் அடிப்படை நிலைக்கும் கீழே இருந்த 40 விழுக்காட்டினர்.

மாநிலத் தேர்வுகளின் கதை வேறு. 2002இல் கையெழுத்தான ‘எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது’ சட்டம், 2014க்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. ஆனால் தேர்ச்சிக்கோட்டை எங்கே வரைவது என்பதை மாநிலங்களிடமே விட்டது. இலக்கைத் தவறவிட்ட பள்ளிகளுக்கு நடவடிக்கையும் இருந்தது. கோடு தாழ்வாக இருப்பதே மாநிலத்துக்கு வசதி என்பதை விளக்கத் தேவையில்லை.

இரண்டையும் ஒப்பிட ஒரு வழி உண்டு. ஒரு மாநிலத் தேர்வில் 70 விழுக்காட்டினர் தேறினார்கள் என்று கொள்வோம். அம்மாநிலத்தின் 70 விழுக்காட்டினர் தேசிய மதிப்பீட்டில் எந்தப் புள்ளிக்கு மேலே இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அது 212 என்றால், மாநிலத்தின் ‘தேர்ச்சி’ தேசிய அளவில் ‘அடிப்படை’ மட்டுமே. இவ்வாறு ஆராய்ந்தபோது, பெரும்பாலான மாநிலங்களின் நான்காம் வகுப்புக் கோடு அடிப்படை நிலைக்குள்தான் விழுந்தது.

கோட்டை உயர்த்தினால் என்ன ஆகும் என்பதை நியூயார்க் காட்டியது. 2012இல் 3 முதல் 8 வரையான வகுப்புகளில் ஆங்கிலத்தில் 55 விழுக்காட்டினர் தேர்ச்சி. புதிய பாடத்தரத்தை ஒட்டிய கடினமான தேர்வு வந்த 2013இல் 31 விழுக்காடு. ஓராண்டில் பிள்ளைகள் வாசிப்பை மறந்துவிடவில்லை.

தேசிய மதிப்பீடு மாதிரி மாணவர்களை மட்டுமே சோதிக்கிறது. தனி மாணவருக்கு மதிப்பெண் தருவதில்லை. ஆகவே பெற்றோர் கைக்கு வருவது மாநில அறிக்கை ஒன்றுதான்.