0.39955: ரவுண்டு பண்ணா நானூறு!

இன்னைக்கு எபிசோட் முழுக்க ஒரே ஒரு நம்பரைப் பத்திதான். 0.39955.

1941 செப்டம்பர் 28. அமெரிக்க பேஸ்பாலில் அந்த சீசனோட கடைசி நாள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் பிலடெல்பியா போய், ஒரே நாளில் ரெண்டு மேட்ச் ஆடணும். அவங்க பேட்டர் டெட் வில்லியம்ஸுக்கு 23 வயசு. அன்னைக்குக் காலையில் அவரோட பேட்டிங் ஆவரேஜ்தான் இந்த நம்பர்.

இது நம்ம கிரிக்கெட் ஆவரேஜ் இல்லை. கிரிக்கெட்டில் ரன்னை, அவுட் ஆன எண்ணிக்கையால் வகுப்போம். பேஸ்பாலில் ஹிட்டை 'அட்-பேட்' எண்ணிக்கையால் வகுக்கணும். ஹிட்னா, பந்தை அடிச்சு, ஃபீல்டர் சொதப்பாமலே குறைஞ்சது முதல் பேஸுக்காவது பத்திரமா போய்ச் சேர்றது. பத்துக்கு மூணு தடவை அதைச் செஞ்சாலே பெரிய ஆளு. ஆவரேஜை மூணு இலக்கத்தில் எழுதுறதால 0.300ஐ முந்நூறுன்னு சொல்லுவாங்க. நானூறுங்கிறது கனவு.

இன்னொரு விஷயம். பிட்சர் நாலு பந்தைத் தப்பா போட்டா பேட்டர் சும்மா நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். அதுக்குப் பேர் 'வாக்'. அது அட்-பேட் கணக்கில் வராது. அந்த வருஷம் அமெரிக்கன் லீகில் அதிக ஹிட் அடிச்சது செசில் ட்ராவிஸ்: 608 அட்-பேட்டில் 218. வில்லியம்ஸ் அடிச்சது 185தான். ஆனா அவருக்கு 147 வாக் கிடைச்சதால அட்-பேட் வெறும் 456. அதனால ஆவரேஜில் முதலிடம் அவருக்கு.

சரி, கடைசி நாளுக்கு வருவோம். அதுவரை 448 அட்-பேட், 179 ஹிட். வகுத்தா 0.39955, ரவுண்டு பண்ணா 0.400. ரெக்கார்ட் புக்கில் நானூறுன்னே ஏறியிருக்கும். மேனேஜர் ஜோ க்ரோனின், "வேணும்னா ரெஸ்ட் எடுத்துக்கோ"ன்னு வாய்ப்பு கொடுத்தார்.

ஆடினா என்ன ரிஸ்க்? முதல் தடவையே மிஸ் ஆனா 179/449. அதாவது 0.399. எட்டு அட்-பேட் ஆடினா நாலு ஹிட் வேணும். மூணுன்னா 182/456, மறுபடியும் 0.399தான்.

வில்லியம்ஸ் உட்காரலை. முதல் மேட்சில் அஞ்சுக்கு நாலு, ரெண்டாவதில் மூணுக்கு ரெண்டு. மொத்தம் எட்டுக்கு ஆறு! 185/456, அதாவது 0.406.

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு. ஒரு தடவை டாஷ்போர்டில் 99.96 சதவீதத்தை ஒரு தசமத்துக்கு ரவுண்டு பண்ணி 100.0ன்னு காட்டி, மீட்டிங்கில் கைத்தட்டு வாங்கினவன் நான். கணக்கு தப்பில்லை. ஆனா ஃபெயில் ஆன ரிக்வெஸ்ட் எல்லாம் நிஜம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தா, சத்தியமா அன்னைக்குப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன்.

அவ்வளவு பண்ணியும் அந்த வருஷ எம்விபி விருது அவருக்கு இல்லை. தொடர்ந்து 56 மேட்சில் ஹிட் அடிச்ச ஜோ டிமாஜியோவுக்குப் போச்சு. ஆனா அமெரிக்கன், நேஷனல் ரெண்டு லீகிலும் அதுக்கப்புறம் ஒரு முழு சீசனை நானூறில் முடிச்சவங்க யாருமில்லை. 1994இல் டோனி க்வின் 0.394 வரை வந்தார். அந்த சீசன் ஸ்ட்ரைக்கால் பாதியிலேயே நின்னு போச்சு.

உங்க ரிப்போர்ட்டில் எந்த நம்பர் ரவுண்டு ஆகி உட்கார்ந்திருக்குன்னு ஒரு தடவை பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்!