வீட்டிற்கேற்ற பழச்சாறு பிழியும் கருவி

எலுமிச்சையும் சாத்துக்குடியும் விலை சரியும் நாட்களில், சந்தையில் விலைபோகாத பழங்களை வீணாக்காமல் வீட்டிலேயே சாறு பிழிந்து பயன்படுத்தலாம். இதற்கான கருவியை வாங்குமுன் கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

பழத்திற்கேற்ற வகை: எலுமிச்சை, சாத்துக்குடிக்குக் கைக்கருவியே போதும். விதை நசுங்கினாலும், தோலின் உட்புற வெண்பகுதி சுரண்டப்பட்டாலும் சாறு கசக்கும். எனவே அளவாக அழுத்த வேண்டும். கேரட், பீட்ரூட் போன்ற கடினமானவற்றிற்கே மின்கருவி தேவை. வேகமாகச் சுழலும் வகை விலை குறைவு. ஆனால் காற்று கலந்து நுரைப்பதால் சாற்றை உடனே அருந்திவிட வேண்டும். மெதுவாகத் திருகி நசுக்கும் வகையில் பொதுவாகச் சாறு கூடுதலாகக் கிடைக்கும், விலையும் கூடுதல்.

உலோகம்: புளிப்புச் சாறு இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கும். சாறு படும் உலோகப் பாகங்கள் எவர்சில்வராக இருப்பது நல்லது.

சோதனை: கடைக்கு உங்கள் பழத்தையே கொண்டுசென்று பிழியச் சொல்லுங்கள். சக்கையைக் கையால் அழுத்திப் பாருங்கள். சாறு நிறைய வடிந்தால் அக்கருவியை வாங்க வேண்டாம். பாகங்களைக் கழற்றிக் கழுவுவது எளிதா என்பதையும் பாருங்கள். இடுக்கில் தங்கும் சக்கை புளித்து அடுத்த சாற்றையும் கெடுக்கும்.

விலையை மட்டும் பார்க்காமல், உங்கள் தோட்டத்தில் விளையும் பழத்திற்கேற்ற கருவியைத் தேர்ந்தெடுத்துப் பயன்பெறுங்கள்.