அனுப்பியவர் அவர்தானா?

எஸ்எம்டிபி என்னும் மெயில் விதிமுறை 1982-இல் எழுதப்பட்டபோது, அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் மெயில் அனுப்பலாம். சர்வர் மறுகேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்ளும். ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள் புழங்கிய வலையில் அது பெரிய குறையாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் 1978-லேயே ஒரு கணினி நிறுவன விற்பனையாளர் இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு விளம்பர மெயில் அனுப்பித் திட்டு வாங்கியிருந்தார். இன்று மெயில் சர்வரில் செய்யப்படும் பாதுகாப்பு ஏற்பாடுகளில் பெரும்பாலானவை, அன்று விடுபட்ட சோதனையைப் பின்னால் சேர்த்த ஒட்டுவேலைகள்தான்.

கேரள எல்லையில் உள்ள புளியறை சோதனைச் சாவடியில் கேரளத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிய லாரி நின்றால், நடைச்சீட்டும் வண்டி எண்ணும் பொருந்துகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் தார்ப்பாயை விலக்கச் சொல்ல வேண்டும். மெயில் சர்வருக்கும் அதே வரிசைதான் சரி: முதலில் அடையாளம், பிறகு சரக்கு. அடையாளத்தை விட்டுவிட்டு ஸ்பேம் வடிகட்டியை மட்டும் நம்பும் சர்வர் சீக்கிரமே திணறிப்போகும்.

அடையாளச் சோதனை சொந்தப் பயனரிடமிருந்தே தொடங்குகிறது. பிற சர்வர்கள் மெயில் கொண்டுவந்து கொடுப்பது 25-ஆம் எண் போர்ட்டில். சொந்தப் பயனர்கள் மெயில் அனுப்ப 587 அல்லது 465. பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் முறை எஸ்எம்டிபியில் 1999-இல்தான் தரப்படுத்தப்பட்டது. பல லினக்ஸ் சர்வர்களில் போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் மென்பொருள் மெயிலைக் கையாளும். பாஸ்வேர்டு சரியா என்பதைப் பெரும்பாலும் டவ்காட் என்னும் இன்னொரு மென்பொருளிடம் கேட்டுக்கொள்ளும். போஸ்ட்ஃபிக்ஸின் விதிகள் மேலிருந்து கீழாகப் படிக்கப்படும்; முதலில் பொருந்தும் விதியே முடிவு. ‘உள்நுழைந்தவருக்கு அனுமதி, மற்றவர் வெளியூர் முகவரிக்கு அனுப்பினால் மறுப்பு’ என்ற இரண்டு வரிகள் இடம் மாறினால், சொந்த ஊழியரின் மெயிலே நின்றுபோகும். இரண்டாவது வரியே இல்லாவிட்டால், முன்பின் தெரியாதவர்களின் குப்பையையெல்லாம் உலகத்துக்குச் சுமந்துபோகும் திறந்த சர்வராக அது மாறிவிடும். 1990-களில் பரவலாகப் புழங்கிய சென்ட்மெயில் என்னும் மெயில் மென்பொருள், 1998-இல் 8.9 பதிப்பு வரும் வரை அப்படித் திறந்தேதான் நிறுவப்பட்டது.

பாஸ்வேர்டு சரியாக இருந்தால் மட்டும் போதாது. கணக்குப் பிரிவு ஊழியர் தன் பாஸ்வேர்டில் உள்ளே வந்து மேலாளர் பெயரில் மெயில் அனுப்புவதைத் தடுக்க, இன்னார் இன்ன முகவரியில் மட்டுமே அனுப்பலாம் என்று கட்ட வேண்டும். இணைப்பு குறியாக்கம் ஆகும் முன் பாஸ்வேர்டை வாங்கக் கூடாது. தப்பும் தவறுமாகத் திரும்பத் திரும்ப முயலும் ஐபி முகவரியைச் சிறிது நேரம் பூட்டி வைக்க வேண்டும். ஒருவர் மணிக்கு எத்தனை மெயில் அனுப்பலாம் என்ற வரம்பைப் பலர் மறந்துவிடுகிறார்கள். திருடுபோன ஒரே பாஸ்வேர்டு விடிவதற்குள் ஆயிரக்கணக்கான மெயில்களை அனுப்பி, சர்வரின் ஐபியைக் கருப்புப் பட்டியலில் ஏற்றிவிடும். பட்டியலிலிருந்து இறங்குவது எளிதல்ல.

வெளியிலிருந்து வருவோரைச் சோதிக்க மூன்று ஏற்பாடுகள் உண்டு. மூன்றுக்கும் டொமைனின் டிஎன்எஸ் என்னும் பெயர்ப் பதிவேட்டில் பதிவு வேண்டும். இந்த டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம் என்பதை எஸ்பிஎஃப் சொல்லும். டிகேஐஎம் ஒவ்வொரு மெயிலிலும் மின்முத்திரை இடும். வழியில் யாராவது வாசகத்தைத் திருத்தினால் முத்திரை பொருந்தாது. ஒருவர் தன் பழைய முகவரிக்கு வருவதைப் புதியதற்குத் திருப்பிவிட்டிருந்தால் எஸ்பிஎஃப் தோற்கும், டிகேஐஎம் பெரும்பாலும் தப்பிக்கும்; அதனால் இரண்டும் வேண்டும். படிப்பவர் கண்ணில் படும் அனுப்புநர் முகவரியோடு இவ்விரண்டில் ஒன்றுகூட ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்பதை டிமார்க் சொல்லும். 2024 பிப்ரவரி முதல், தன் பயனர்களுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்குமேல் அனுப்புவோருக்கு மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் மொத்தமாக அனுப்புவோருக்கு அதே விதியைக் கொண்டுவந்தது.

அடுத்ததுதான் சரக்கு. ஸ்பேம்அசாசின் போன்ற வடிகட்டி ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். ‘இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற மெயிலில் அனுப்புநர் டொமைன் பொருந்தாததற்கு ஒன்று, இணைப்பு முகவரி கருப்புப் பட்டியலில் இருப்பதற்கு இரண்டு என்று புள்ளி சேர்ந்துகொண்டே போகும். வழக்கமான எல்லையான 5-ஐத் தொட்டால் அது ஸ்பேம். இத்துடன் பேயஸ் நிகழ்தகவு முறையும் சேரும். பயனர்கள் ‘ஸ்பேம்’ என்றும் ‘ஸ்பேம் இல்லை’ என்றும் பிரித்துக் கொடுத்த மெயில்களிலிருந்து அது கற்றுக்கொள்ளும். ஆங்கில மெயில்களை மட்டும் படித்த வடிகட்டிக்குத் தமிழ் மெயிலைப் பற்றிச் சொல்ல அதிகம் இருக்காது. தமிழிலும் மாதிரி கொடுத்துப் பழக்க வேண்டும்.

வெளியே போகும் மெயிலுக்கும் சர்வர்தான் பொறுப்பு என்பதற்கு ஸோஹோவின் அனுபவம் சாட்சி. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011 முதல் அலுவலகம் நடத்தும் இந்நிறுவனத்தின் முதன்மை டொமைனை, 2018 செப்டம்பர் 24 அன்று அமெரிக்கப் பதிவு நிறுவனம் ஒன்று முடக்கியது. ஸோஹோ மெயில் முகவரிகளிலிருந்து மோசடி மெயில்கள் போனதாக வந்த புகார்களே காரணம். இரண்டு மாதங்களில் வந்தவை மூன்றே புகார்கள், இரண்டில் நடவடிக்கை எடுத்தாயிற்று என்றது ஸோஹோ. ஆனாலும் உலகெங்கும் வாடிக்கையாளர்கள் சில மணி நேரம் தவித்தார்கள். அந்த ஆண்டே, விசைப்பலகைத் தட்டல்களைத் திருடும் மென்பொருள்கள் திருடியதை அனுப்ப ஸோஹோ மெயில் கணக்குகளைப் பயன்படுத்துவதும் வெளிவந்தது. இலவசக் கணக்குக்குக் கைபேசி எண் சரிபார்ப்பைக் கட்டாயமாக்குவதாகவும், சந்தேகத்துக்குரிய உள்நுழைவுகளைக் கண்காணிப்பதாகவும் நிறுவனம் அறிவித்தது. ஸ்பேம் தொல்லைக்கு அடையாளச் சோதனையே மருந்தாயிற்று.

எவ்வளவு கண்டிப்பு என்பதில் அவசரம் ஆகாது. டிமார்க்கை முதலில் ‘ஒன்றும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு’ என்று வைத்து, சம்பளச் சீட்டு அனுப்பும் மென்பொருள், இணையதளப் படிவம் என்று விட்டுப்போனவற்றையெல்லாம் எஸ்பிஎஃபில் சேர்த்த பிறகே ‘ஸ்பேம் பெட்டியில் போடு’, ‘மறு’ என்று இறுக்க வேண்டும். வடிகட்டியிலும் மதிப்பெண் மிக அதிகமான மெயிலை வாங்கும்போதே பிழைச் செய்தியோடு மறுத்துவிடலாம். தவறாக மறுக்கப்பட்டவருக்குத் தகவலாவது போய்ச்சேரும். வாங்கி வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழிக்கும் சர்வரில், ஒப்பந்தப்புள்ளியோ வேலைக்கான அழைப்போ காணாமல் போனது இரு தரப்புக்குமே தெரியாது.