வளைந்த பம்பரும் வெந்நீரும்

மோட்டார் வண்டியின் முன்னும் பின்னும் அமைந்து சிறு மோதல்களை ஏற்கும் உறுப்புக்குப் பம்பர் என்று பெயர். உத்தரபாராத் தொழிற்சாலையில் 2014ஆம் ஆண்டு வரை உற்பத்தியான அம்பாசிடர் வண்டியில் அது நெடுங்காலம் குரோமியம் பூசிய எஃகுப் பட்டையாகவே இருந்தது. அது வளைந்தால் கழற்றித் தட்டி நிமிர்த்துவர். பூச்சு வெடித்த இடத்தில் துருவேறும். இன்றைய கார்களில் வெளியே தெரிவதோ பிளாஸ்டிக் உறை மட்டுமே. மோதலை உண்மையில் தாங்குவன அதன் பின்னுள்ள குறுக்குச் சட்டமும், பல வண்டிகளில் அதன்மேல் பொருத்தப்படும் நுரைப்பாளமும் ஆகும்.

உறை பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்னும் பொருளுடன் ரப்பர் தன்மையுள்ள பொருளும் டால்க் தூளும் கலந்து வார்க்கப்படுகிறது. சூட்டில் இளகி, ஆறியதும் இறுகும் இயல்பினது இது. தூணில் மெல்ல இடித்த உறை குழிந்து நிற்கையில், பல சமயம் அது நிலையாக உருமாறிவிடுவதில்லை. உட்புறம் மடங்கி அப்படியே சிக்கிக்கொண்டிருக்கும். கொதிநீரை ஊற்றினால் பிளாஸ்டிக்கின் விறைப்புக் குறைகிறது. அப்போது பின்புறமிருந்து கையால் தள்ள, குழி பழைய வடிவுக்கு மீள்கிறது. உடனே குளிர்ந்த நீர் ஊற்றினால் அவ்வடிவிலேயே இறுகும். பாலிபுரோப்பிலீன் உருகுவது ஏறத்தாழ 160 சென்டிகிரேடு டிகிரியில் ஆதலால், 100 டிகிரி நீர் அதனை உருக்காது. ஊதுவிளக்கின் சுவாலை அத்தகையதன்று. வண்ணமும் உறையும் ஒருங்கே கருகும். நீரூற்றுவோர் தடித்த கையுறை அணிதல் வேண்டும். விளக்குகளின் மின்னிணைப்புகள்மீது நீர் படலாகாது.

விரிசலுக்கு வெந்நீர் மருந்தாகாது. விரிசலின் நுனியில் சிறு துளையிட்டால், அங்குக் குவியும் தகைவு பரவி, பிளவு மேலும் ஓடுவது பெரும்பாலும் நிற்கும். இருபுறமும் துளைகளிட்டு நைலான் கட்டுப் பட்டையால் தைப்பதும் உண்டு. அழகற்றதாயினும், சில நாட்களுக்குப் போதுமானது. இதனினும் உறுதியானது, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலால் துருப்பிடியா எஃகுக் கம்பிவலையை உட்புறத்தில் அழுத்திப் பதித்தல். எழும் புகை தீயது. திறந்த வெளியிலேயே செய்க. கடைப் பசையை நம்பி ஏமாறுவோர் பலர். பாலிபுரோப்பிலீனின் பரப்பில் சாதாரணப் பசைகள் நன்கு பற்றுவதில்லை. அதற்கெனத் தயாரித்த முதற்பூச்சு வேண்டும்.

உறை எப்பொருளால் ஆனது என்பதை உட்புறத்தில் பொறித்த எழுத்துக்களால் அறியலாம். சீவல் ஒன்றை நீரில் இட்டு மிதக்கிறதா எனப் பார்ப்பதும் வழக்கம். ஆனால் டால்க் மிகுந்த கலவை மூழ்கிவிடக்கூடும் என்பதால் அச்சோதனையை முழுதும் நம்பலாகாது.

உறை எளிதில் மீள்வதே இங்குள்ள ஆபத்து. வெளியே பளபளப்பு திரும்பிவிட, உள்ளே நுரைப்பாளம் நொறுங்கியோ, சட்டம் வளைந்தோ, பிடிப்புகள் முறிந்தோ கிடக்கலாம். அடுத்த மோதலில் அவை தம் பங்கைச் செய்யமாட்டா. எனவே குழியை நீக்குமுன் உறையைக் கழற்றிப் பார்ப்பதும், இருபுற இடைவெளிகள் சமமாக உள்ளனவா என அளப்பதும் தக்கவை. இந்தியாவில் 2019 ஜூலை முதல் புதிய கார்களுக்குப் பின்புற நிறுத்த உணர்கருவி கட்டாயமாயிற்று. இவை பம்பரிலேயே பதிந்திருப்பதால், அவ்விடத்தில் தடித்த மக்கோ வண்ணமோ பூசினால் கருவி பிழையாக ஒலிக்கும், அல்லது ஒலிக்காமலே போகும்.

அடிக்கடி இடிபடுவதற்கு அஞ்சி, முன்புறம் எஃகுக் குழாய்ச் சட்டம் பூட்டுவோரும் உளர். அது மோதலின் விசையை நேரே அடிச்சட்டத்துக்குக் கடத்துவதுடன் பாதசாரிகளுக்கும் கேடு விளைவிக்கிறது. அதனை அனுமதிக்கலாகாது என மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது.