ஊமையான பாட்டுப் பெட்டி

போகிப் பண்டிகை நெருங்கினால் பரணில் இருக்கும் சாமான்களுக்கெல்லாம் வயிற்றில் புளியைக் கரைக்கும். கால் உடைந்த நாற்காலி, ஒழுகும் அண்டா இவற்றோடு தாத்தா காலத்து ரேடியோவும், அப்பா வாங்கிய காஸெட் பெட்டியும் வாசலுக்கு வந்துவிடுகின்றன. "அது எப்பவோ ஊமையாகிவிட்டதே!" என்பது வீட்டாரின் தீர்ப்பு.

தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகளில் இந்தத் தீர்ப்பைச் சொல்வதற்கு முன் சற்று யோசிக்க வேண்டும். 1939-ம் வருஷம் மே மாதம் 16-ந் தேதி திருச்சி வானொலி நிலையம் துவங்கியது. அதன் பிறகு காவேரிக் கரையில் எத்தனையோ கூடங்களில் ரேடியோப் பெட்டி ஒரு குடும்ப அங்கத்தினராகவே ஆகிவிட்டது. திருவையாற்று ஆராதனையின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே கேட்டவர்கள் உண்டு. பிற்பாடு காஸெட் வந்தபோது, பாட்டி பாடிய நலங்குப் பாட்டையும் பேத்தியின் முதல் மழலையையும் பிடித்து வைத்தோம். அந்தக் குரல்களுக்கு வேறு பிரதி ஏது?

பெட்டி ஊமையானால் அதன் உயிரே போய்விட்டதென்று அர்த்தமல்ல. பல சமயங்களில் கெட்டிருப்பது கண்டென்ஸர் என்னும் சின்னஞ்சிறு உறுப்புத்தான். மின்தேக்கி என்று அழகாகத் தமிழில் சொல்வார்கள். அதை மாற்றிவிட்டால் பெட்டி மறுபடியும் பாடக்கூடும்.

மின்தேக்கியின் வேலை என்ன? டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஆற்றில் வெள்ளம் ஒரு நேரம் பொங்கும், ஒரு நேரம் வடியும். 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணை, பொங்கும்போது வாங்கி வைத்துக்கொண்டு வயலுக்கு வேண்டும்போது கொடுக்கிறது அல்லவா? நம் வீட்டு மின்சாரத்தைப் பெட்டிக்குள் ஒரே திசையில் ஓடச் செய்த பிறகும், அது வினாடிக்கு 100 தடவை பொங்கித் தணிகிறது. கண்டென்ஸர் அதைத் தேக்கி ஒரே சீராக அனுப்புகிறது. அணை தூர்ந்து போனால் எப்படியோ, அப்படித்தான் கண்டென்ஸர் வற்றிப் போனாலும். பாட்டுக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்கத் தொடங்கும்.

வற்றுவானேன்? இந்த வகைக் கண்டென்ஸரின் வயிற்றில் இரண்டு அலுமினியத் தகடுகளும், நடுவே ஒருவிதத் திரவத்தில் நனைத்த காகிதமும் பாய் மாதிரி சுருட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. வருஷங்கள் போகப் போகத் திரவம் உலர்கிறது. சூடு 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது இன்ஜினீயர்களின் கணக்கு. சும்மா வைத்திருந்தாலும் தப்பில்லை என்று எண்ண வேண்டாம். தகட்டின் மேல் உள்ள மெல்லிய படலம், மின்சாரம் படாமலே கிடந்தால் நலிந்துவிடுகிறது.

பழைய வால்வு ரேடியோக்களில் மெழுகு பூசிய காகிதக் கண்டென்ஸர்களும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதத்து ஈரம் அவற்றுக்குப் பரம சத்துரு. ஆகையால் பரணிலிருந்து இறக்கிய ரேடியோவை, 'பாடுகிறதா பார்ப்போம்' என்று உடனே பிளக்கில் செருகாதீர்கள். புகை வரலாம், தீயும் பிடிக்கலாம். அனுபவமுள்ள ரிப்பேர்காரர் பெட்டியோடு ஒரு குண்டு பல்பை சீரீஸில் சேர்த்துத்தான் மின்சாரம் கொடுப்பார். பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று பொருள். வால்வு ரேடியோவுக்குள் 200, 300 வோல்ட் கூட ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பின்பும் கண்டென்ஸரில் மின்சாரம் தங்கியிருக்கும். வீட்டில் யாரும் அதற்குள் கைவைக்கவே கூடாது.

வாக்மேன், ஸி.டி. பெட்டி போன்றவற்றின் சங்கதி வேறு. 1980-களின் பிற்பகுதியிலிருந்து, பெட்டியைச் சிறிதாக்குவதற்காகப் பெரிய மிளகளவுக் கண்டென்ஸர்களைப் பலகையில் துளை போடாமல், மேற்பரப்பிலேயே ஈயத்தால் பற்றவைத்தார்கள். இவற்றில் பல, வற்றுவதோடு நிற்பதில்லை; அடியிலுள்ள ரப்பர் அடைப்பின் வழியே கசிகின்றன. கசிந்த திரவம், தலைமயிர் போல் ஓடும் செப்புக் கோடுகளை அரித்துவிடும். பழுது பார்க்கும்போது சூட்டுக்கோல் பட்டதும் மீன் வாடை அடித்தால், கசிவு என்று ரிப்பேர்காரருக்குத் தெரிந்துவிடும். சுத்த சைவ வீட்டுப் பெட்டியானாலும் வாடை அதேதான்!

இதனால்தான் காலம் தாழ்த்தக் கூடாது என்கிறேன். கண்டென்ஸரை மட்டும் மாற்றினால் போதும் என்ற நிலை, நாளாக ஆகப் பலகையே போயிற்று என்றாகிவிடும்.

மாற்றும் விதத்தையும் தெரிந்துகொள்வோம். பழையதைப் பிடித்து இழுத்தால் செப்பும் கூடவே உரிந்து வரும். இரண்டு கால்களையும் ஒருசேரச் சூடாக்கி, ஈயம் இளகியதும் எடுக்க வேண்டும். கசிவை ஐஸோபுரோபைல் ஆல்கஹால் கொண்டு துடைக்க வேண்டும். அறுந்த கோட்டுக்கு மெல்லிய கம்பி வைத்து இணைக்கலாம். புதியதன் மைக்ரோ ஃபாரட் அளவு பழையதைப் போலவே இருக்கட்டும். வோல்ட் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. அலுமினிய வகையில் கறுப்பு அடையாளம் உள்ள பக்கம் மைனஸ். டாண்டலம் என்னும் வகையிலோ கோடு போட்ட பக்கம் பிளஸ்! மாற்றி வைத்தால் வெடித்துவிடும்.

பேட்டரியில் ஓடும் வாக்மேனில் இந்த வேலையைப் பழகிப் பார்க்கலாம். முத்துக் கோக்கும் விரல்களுக்கு இது அசாத்தியமல்ல. நேரடியாக மின்சாரத்தில் ஓடும் பெட்டிகளை மட்டும் அனுபவசாலியிடம் விட்டுவிடுங்கள்.

பெட்டி பாட ஆரம்பித்ததும் முதல் வேலையாகப் பாட்டியின் காஸெட்டைப் போட்டு, அந்தக் குரலைக் கைப்பேசியில் இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நாத்தனாருக்கும் அனுப்பி வையுங்கள். புதுக் கண்டென்ஸரும் ஒரு நாள் வற்றத்தான் போகிறது. அதற்குள் பாட்டு நாலு வீடு போய்ச் சேர்ந்திருக்கட்டும்.