பல்கருச் செயலியும் சொல்லடைவுப் பணியும்

புதுச்சேரியை அடுத்த லாஸ்பேட்டையில் மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. அங்கும் பிற தமிழ்த் துறைகளிலும் ஆராய்வோர் கையாளும் கணிப்பொறிகளுள் இன்று பல்கருச் செயலி இல்லாததைக் காண்டல் அரிது. ஆயினும், நான்கு கருக்கள் உடைய பொறி நான்கு மடங்கு விரைவாகச் சொல்லடைவு தொகுத்துத் தரும் எனக் கருதுதல் பொருந்தாது. விரைவு குறைதலேனும் சிறு குறையே. எண்ணிக்கையே பிழைபடக் கூடும் என்பதுதான் ஆராய்ச்சியாளர் அஞ்சத் தக்கது. சொல்லாட்சியின் எண்ணிக்கையைச் சான்றாகக் கொண்டு நூலின் காலத்தையும் ஆசிரியரையும் ஆராய்வார் பலர் உளர் அன்றோ?

கரு என்பது கட்டளைகளைப் பெற்று நிறைவேற்றும் உறுப்பு. முன்னர்ச் செயலி செய்வோர் ஒற்றைக் கருவின் துடிப்பைப் பெருக்கியே விரைவு கண்டனர். துடிப்பு நான்கு கிகாஹெர்ட்ஸை அணுகியபோது வெப்பம் தாங்கற்கரியதாயிற்று. ஐ.பி.எம். 2001இல் இருகருச் செயலியை வெளியிட்டது. 2005இல் இன்டெலும் ஏ.எம்.டி.யும் மேசைக் கணிப்பொறிக்கு அவ்வழியை மேற்கொண்டன. கருக்கள் பலவாயின, வேலையைப் பங்கிடும் பொறுப்போ பெரும்பாலும் நிரல் எழுதுவோர் மீதே விழுந்தது.

நற்றிணை, குறுந்தொகை, அகநானூறு, புறநானூறு ஆகிய நான்கினையும் நான்கு கருக்களுக்குப் பகிர்ந்தளிப்பதாகக் கொள்வோம். பாடல்தொகை ஏறத்தாழ நானூறாக ஒத்திருப்பினும் பங்கீடு ஒத்ததன்று. குறுந்தொகைப் பாடல் நான்கடி முதல் எட்டடி வரையும், அகநானூற்றுப் பாடல் பதின்மூன்றடி முதல் முப்பத்தோரடி வரையும் வருவன. எனவே குறுந்தொகையைப் பெற்ற கரு விரைவில் முடித்து வாளா இருக்கும். அகநானூற்றின் முடிவிற்கு ஏனையவெல்லாம் காத்திருக்கும். நூல்வாரியாகப் பகுப்பது புலவர்க்கு இயல்பு. பொறிக்கு அடிவாரியாகப் பகுப்பதே நன்று.

இனிப் பிழை நேருமாறு காண்க. ‘ஞாழல்’ என்னும் சொல்லின் பொது எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 41 எனக் கொள்வோம். நற்றிணையில் அச்சொல்லைக் கண்ட கருவும் குறுந்தொகையில் கண்ட கருவும் ஒரே வேளையில் அவ்வெண்ணைப் படிக்கின்றன. இரண்டும் ஒன்று கூட்டி 42 என எழுதுகின்றன. வந்திருக்க வேண்டியது 43. நிரலில் எழுத்துப் பிழை யாதும் இல்லை; பொறி எச்சரிப்பதும் இல்லை. அடுத்த முறை ஓட்டின் எண் சரியாகவும் வரலாம்.

ஒரு கரு எழுதும்போது மற்றது தொடாவண்ணம் பூட்டிடுதல் ஒரு வழி. ஆனால் சொல்தோறும் பூட்டினால் கருக்கள் வரிசையில் நின்று காத்தலே தொழிலாகும். ஒவ்வொரு கருவும் தனிப்பட்டியல் வைத்து இறுதியில் ஒன்றுசேர்த்தல் அதனினும் சிறந்தது. சீட்டெழுதி அடைவு தொகுத்த நம் முன்னோர் முறையும் இதுவே; ஒருவர் சீட்டில் மற்றவர் எழுதியதில்லை.

அவ்வொன்றுசேர்த்தலைப் பங்கிடாது ஒரு கருவே செய்வதாயின், விரைவிற்கு அஃதே எல்லையாகும். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தின் பழந்தமிழ்ச் சொல்லடைவு வெளிவரத் தொடங்கிய 1967ஆம் ஆண்டிலேயே ஜீன் ஆம்டால் இவ்வெல்லையை எடுத்துரைத்தார் என்பது கருதத் தக்கது. நூறு நிமிட வேலையில் பத்து நிமிடம் பங்கிடற்கு ஆகாததெனின், நான்கு கருக்களால் அது முப்பத்திரண்டரை நிமிடமாகும். ஆயிரம் கருக்கள் இருப்பினும் பத்து நிமிடத்திற்குக் கீழ் இறங்காது.

ஆதலின் அடைவை அச்சேற்றுமுன் ஒரு கருவில் ஒருமுறையும் பல கருக்களில் பன்முறையும் ஓட்டி எண்களை ஒப்பிடுக. வேறுபட்டால் பிழையுண்டு என்பது உறுதி. ஒத்திருந்தால் பிழையில்லை என்று துணிதலாகாது. நூறு முறையில் ஒருமுறையே அப்பிழை தலைகாட்டவும் கூடும்.